தூதுக்குப் பொட்டு

இப்படி வந்து உக்காருங்கண்ணா. அந்தப் பக்கம் வெயில் மூஞ்சியிலயே அடிக்கும், கோயமுத்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் விடாது. நான் சேலத்துல ஏறும்போதே பார்த்துத்தான் இந்தப் பக்கம் இடம் புடிச்சேன். உங்க பையை மேல வெச்சுருங்க. என்னோடது மடியிலயே இருக்கட்டும், உள்ள புதுச் சட்டை இருக்குது, கசங்கிரும். போய் இறங்கின உடனே மாத்திக்கணும். இன்னைக்கு மேடை ஏறப் போறனுங்க.

பொரி எடுத்துக்குங்க, கண்டக்டர் குடுத்தாரு. பாருங்க, ஆயுத பூஜைன்னு முன்னாடிக் கண்ணாடி பூராச் சந்தனத்தைப் பூசி வெச்சிருக்கறாங்க, டிரைவருக்கு ரோடு தெரியுதோ என்னமோ. பஸ்ஸுன்னா சௌகரியமுங்க. கண்ணுல தெரியுது, கைக்கு எட்டுது, பொட்டு வெச்சுரலாம். எல்லாத்துக்கும் அப்படி வைக்க முடியாது. அதுலதான் எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் தகராறே.

நீங்க எங்க இறங்கணும்? அவிநாசியா? அங்க இருந்து திருப்பூருங்களா! பட்டன், ஜிப்பு வியாபாரமுங்களா, சரி சரி. அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும். சாயப்பட்டறை பார்த்திருப்பீங்க இல்ல? எனக்கு ஒரு நல்ல ஆளாத்தான் பக்கத்துல வந்து உக்காந்திருக்கீங்க.

என் பேரு உலகநாதன். மு. உலகநாதன். சாஃப்ட்வேர் ஆளுங்க. இப்பச் சேலத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்கறேன். அது வயித்துப் பாட்டுக்கு. என் வேலைன்னா அது தூதுதான்.

தூதுன்னா என்னன்னு கேக்கறீங்களா? சொல்றேன். சாயப்பட்டறையில அந்தப் பெரிய டேங்க் இருக்கும் பாருங்க, துணியை உள்ள போட்டு மூடி, ஸ்டீம் விட்டுச் சூடு ஏத்தி, சாயம் ஏத்தறது. அதுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி நிக்கும், மேல கலர் ஸ்கிரீன் வெச்சு. அது நாங்க செஞ்ச பெட்டி. கோயமுத்தூர்ல, கணபதிங்கற ஏரியாவுல ஆபீஸ். கம்பெனி பேரு இப்ப வேண்டாம்.

அந்தப் பெட்டிக்குள்ள ஒரே புரோகிராம் ஓடறதில்லீங்க. நாலு ஆளு வேலை பார்க்கறாப்பல நாலு புரோகிராம் ஓடும். ஒருத்தன் சூட்டை அளப்பான். ஒருத்தன் ஸ்டீம் வால்வைத் தொறந்து மூடுவான். ஒருத்தன் சாயம் ஊத்துவான். இன்னொருத்தன் எல்லாத்தையும் ஸ்கிரீன்ல காட்டுவான். நாலு பேரும் தனித்தனி ரூம்ல இருக்கற மாதிரி, ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குக் கேக்காது. சூடு அளக்கறவன் போதும்னு சொன்னா, அது வால்வுக்காரனுக்குப் போய்ச் சேரணுமில்லீங்க? அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கற லைப்ரரிதான் தூது. பேரும் நானே வெச்சது. மூணு வருஷம் ஒண்டி ஆளா உக்காந்து எழுதினேன்.

அது எல்லாத்துக்கும் அடியில கெடக்கும். வீடு பார்க்க வர்றவன் கடைக்காலையா தோண்டிப் பார்ப்பான்? மேல அடிச்ச பெயிண்டைத்தான் பார்ப்பான். அந்தப் பெயிண்ட் அடிச்சவன் பேரு தயாபரன். ஸ்கிரீன்ல பச்சை, ஆரஞ்சு, சூடு ஏற ஏற ஒரு டேங்க் படம் செவந்துட்டே வரும், அதெல்லாம் அவன் வேலை. தறி ஓடாத வீட்டுக்குத் திரைச்சீலை தெச்ச மாதிரி. ஆனா பார்க்கறவனுக்கு அதுதானுங்க சாஃப்ட்வேரு.

இருங்க, தாப்பா விஷயத்தைச் சொல்லிர்றேன், இல்லாட்டி மத்தது புரியாது. அந்த நாலு பேருக்கும் பொதுவா ஒரு பலகை இருக்குதுன்னு வெச்சுக்குங்க. சேதியை அதுல எழுதணும், அதுலதான் படிக்கணும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல எழுதினா ரெண்டும் சேர்ந்து கோணலாயிரும். மேன்ஷன்ல தங்கியிருக்கீங்களா? மாடிக்கு ஒரு பாத்ரூம் இருக்கும். போறவன் தாப்பா போட்டுக்குவான், அடுத்தவன் வெளிய நிப்பான். இவன் வந்ததும் அவன் போவான். என் தூது அதேதான். கண்ணு மூடித் தொறக்கற நேரத்துல தாப்பா போட்டு, எழுதி, எடுத்துட்டு வந்துருவான். ஒரு சேதி தப்பினதில்லீங்க.

ஆனா உள்ள போனவன் உள்ளயே விழுந்து செத்துட்டான்னா? தாப்பா போட்டது போட்டபடி நிக்கும். வெளிய நிக்கறவன் நிக்கறதுதான். கதவைக் கூடத் தட்ட மாட்டான். நம்ம ஆளு வருவான்னு நிப்பான்னா நிப்பான்.

அது எப்ப ஆகும்னா, உங்க ஊர்ப் பட்டறைக்காரங்க ஒரு வேலை பண்ணுவாங்க. ஞாயித்துக்கிழமை லீவுன்னு, மெஷினை முறையா நிறுத்தாம மெயினைப் படக்குனு இறக்கிட்டுப் போயிருவாங்க. அந்த நேரம் பார்த்து எவனாச்சும் தாப்பா போட்டிருந்தான்னா போச்சு. தாப்பா போட்ட அடையாளம் டிஸ்க்குல ஒரு குட்டி ஃபைலாக் கெடக்கும். திங்கட்கிழமை கரண்டு வந்ததும் அடுத்தவன் வந்து பார்ப்பான், ஓ, உள்ள ஆள் இருக்குதுன்னு நின்னுக்குவான். அபூர்வமா ஆகறதுதான். ஆனா ஆகும்.

அதனால நான் என்ன பண்ணுவேன்னா, திங்கட்கிழமை காலையில கரண்டு வந்ததும், ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முந்தி, வீட்டுல இருந்தபடியே ஒவ்வொரு பட்டறைப் பெட்டிக்குள்ளயும் போய்ப் பார்த்துருவேன். பழைய தாப்பா கெடந்தா எடுத்து விட்ருவேன். காப்பி ஆறதுக்குள்ள முடிஞ்சுரும். என் சம்சாரத்துக்குக் கூடத் தெரியாது நான் என்ன பண்றேன்னு. எங்க கம்பெனியில ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கேக்கலீங்க.

அதை ஏன் புரோகிராம்லயே எழுதி வைக்கலைன்னா? நீங்க பட்டன் வியாபாரியா, போலீஸ்காரருங்களா? சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. எழுதலாம்னுதான் இருந்தேன். ஆனா எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குங்க? ஒரு மனுசன்னு ஒருத்தன் இருக்கான்னு கம்பெனிக்கு ஒரு நாளாச்சும் தெரியணுமில்ல. சரி, அது கெடக்கட்டும். அந்த ஆயுத பூஜை மட்டும் வராம இருந்திருந்தா எழுதித்தான் இருப்பேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை. ஆபீஸைக் கழுவி விட்டு, மாவிலை கட்டி, மேஜையில பெட்டியெல்லாம் வரிசையா வெச்சிருக்குது. எங்க முதலாளி சென்னியப்பன் சாரு பட்டு வேட்டியோட வந்து ஒவ்வொண்ணுக்கா சந்தனம் வெச்சு குங்குமம் வைக்கறாரு. மானிட்டருக்கு வெச்சாரு. கீபோர்டுக்கு வெச்சாரு. பிரிண்டருக்கு, ஸ்பானருக்கு, காப்பி மெஷினுக்குக் கூட வெச்சாருங்க. எங்க இஸ்மாயில், பேனலுக்கு ஒயரிங் பண்றவன், அவனோட சால்டரிங் அயனுக்கும் ஒண்ணு வெச்சாரு. அவனும் சிரிச்சுட்டே வாங்கிக்கிட்டான்.

நான் கையைக் கட்டிட்டு நின்னுட்டிருந்தேன். வாயைத் தொறந்து கேட்டனுங்க, தப்பு என்னுது. "சார், தூதுக்கு?"ன்னேன். வெளையாட்டாத்தான் கேட்டேன். கொஞ்சம் நெசமாவும் கேட்டேன்.

சென்னியப்பன் சாரு குங்குமத்தை விரல்ல வெச்சுட்டு அங்கயும் இங்கயும் பார்க்கறாரு. "எங்கப்பா இருக்குது அது?"ங்கறாரு.

அப்பத்தான் அந்தத் தயாபரன் சொன்னான். "சார், அண்ணனோட தூதுக்கு எங்க சார் பொட்டு வைக்கறது? அதைத்தான் இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லையே. இருக்குதுன்னு அண்ணன் சொல்றாரு, நாமளும் நம்பறோம்."

சிரிச்சாங்க பாருங்க. முதலாளி சிரிச்சாரு, அவங்க வீட்டு அம்மா சிரிச்சாங்க, பூஜைக்கு வந்த ஐயரு சிரிச்சாரு. இஸ்மாயில் மட்டும் என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் குனிஞ்சுக்கிட்டான். அதோட விட்டாங்களா? அந்த வருஷத்து ஷீல்டைத் தயாபரனுக்குக் குடுத்தாங்க. சாயத் தொழிலுக்கே ஒளி குடுத்த ஸ்கிரீன்னு முதலாளி மைக்குல பேசறாரு. நான் அந்த மைக்கையே பார்த்துட்டு இருந்தேன். உலகநாதன்னு ஒரு வார்த்தை அதுல வரும், இப்ப வரும், இப்ப வரும்னு. சுண்டல் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். இவனுங்களுக்குத் தூது எங்க இருக்குதுன்னு காட்டறேன்னு.

தப்பா நெனைக்காதீங்க. நான் ஒரு துரோகமும் பண்ணல. ஒரு வரி மாத்தல, ஒரு வைரஸ் வைக்கல. அதெல்லாம் கேவலமான வேலைங்க. ராஜினாமா எழுதிக் குடுத்தேன், எல்லாத்தையும் ஒப்படைச்சேன். "எல்லாம் சொல்லிக் குடுத்துட்டியா உலகு?"ன்னு முதலாளி கேட்டாரு. "ஆச்சுங்க சார்"னேன். திங்கட்கிழமையைப் பத்தி அவர் கேக்கலீங்களே. தயாபரன் கேக்கல. யாரும் கேக்கலீங்க.

ஒருத்தி கேட்டா. கோகிலவாணின்னு ஒரு பொண்ணு, டெஸ்டிங்ல இருந்தா, பட்டறை பட்டறையாப் போய்ப் பெட்டியைச் சோதிச்சுட்டு வர்ற வேலை. எதுக்கெடுத்தாலும் கேள்வி கேட்டே உசுரை வாங்குவா. நான் கிளம்பறதுக்கு முந்தின நாள் வந்து நின்னு, "சார், தாப்பா போட்டவன் அப்படியே செத்துட்டா மத்தவங்க என்ன சார் பண்ணுவாங்க?"ன்னா. "சாக மாட்டான்"னேன். "இல்ல சார், செத்துட்டா?"ன்னா. "சாக மாட்டான்மா, போய் வேலையைப் பாரு"ன்னேன். அதையெல்லாம் கேள்வின்னு எடுத்துக்க முடியாதுங்க. அது அதிகப்பிரசங்கித்தனம்.

சங்ககிரி வந்துருச்சா? இன்னும் இருக்குது, நிதானமாச் சொல்றேன்.

சேலம் வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை காலையில காப்பியை எடுத்துட்டுப் பழக்கத்துல லேப்டாப் முன்னாடி போய் உக்காந்துக்குவேன். உள்ள போகறதுக்கில்ல, பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. போனைப் பக்கத்துல வெச்சுக்குவேன். இப்ப அடிக்கும். 'உலகு, எல்லாம் நின்னு போச்சு, வாப்பா'ன்னு முதலாளி குரல் கேக்கும். நான் கொஞ்ச நேரம் யோசிக்கற மாதிரி சும்மா இருப்பேன். அப்புறம், 'தயாபரனைக் கேளுங்க சார், ஸ்கிரீன் செவப்பாத்தான் தெரியுமே'ன்னு சொல்லுவேன். இதெல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்து வெச்சிருந்தனுங்க.

போன் அடிக்கல. வாரம் போகுது, மாசம் போகுது, அடிக்கல. இஸ்மாயிலுக்கு நானே போன் போட்டு, "எல்லாம் எப்படிடா இருக்குது?"ன்னு கேப்பேன். "சூப்பரா ஓடுதுங்கண்ணா, நீங்க எழுதினதாச்சே"ம்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்படி ஒரு வேதனை உங்களுக்கு வந்திருக்காதுங்க. நாம செஞ்ச பொருள், நாம இல்லாம நல்லா இருக்குது. அது ஒரு தடவை நின்னாத்தான் நான் இருந்தேன்னு தெரியும். அது நிக்கவே மாட்டேங்குது.

தீபாவளிக்கு ஆர்டர் குவிஞ்சு கெடக்கற நேரத்துலயாச்சும் நிக்குமான்னு பார்த்தேன். நிக்கல. பொங்கலுக்கு நிக்கல. ஆடித் தள்ளுபடிக்குத் துணி ஏத்தற சமயத்துல, ஒரு திங்கட்கிழமை, இஸ்மாயிலே கூப்பிட்டான். "அண்ணா, உங்க ஊருக்கு நியூஸ் வந்துச்சா?"ன்னான். குரலே சரியில்ல. ஒரு பட்டறையில டேங்க் பொங்கிருச்சாம். சூடு அளக்கறவன் போதும் போதும்னு சொல்லணும், ஆனா அவன் தாப்பாவுக்கு வெளிய நிக்கறான். வால்வுக்காரன் பழைய கணக்கையே பார்த்துட்டு ஸ்டீமை விட்டுட்டே இருக்கான். ஸ்கிரீன்ல டேங்க் பச்சையாவே சிரிச்சுட்டு இருக்குது, நம்ம தயாபரனோட பச்சை. பக்கத்துல நின்ன ஆளு சத்தம் கேட்டு மூடியைத் தொறந்து விட்டிருக்கான். கொதிக்கற சாயத் தண்ணி கையில கொட்டிருச்சு. வலது கை, முழங்கைக்கு மேல வரைக்கும்னான் இஸ்மாயில்.

நான் கேட்டேன், "அப்பத் தூது நின்னுருச்சாடா?"ன்னு.

லைன் கட்டாயிருச்சோன்னு "ஹலோ, ஹலோ"ன்னேன். "இருக்கேங்கண்ணா"ன்னான். அப்புறம் வேலை இருக்குதுன்னு வெச்சுட்டான்.

அன்னைக்கு நான் வீட்டுல கேசரி கிண்டச் சொன்னனுங்க. சொல்றதுக்கு என்ன, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆள் காயம் பட்டதுக்கு இல்லீங்க, ச்சே, நான் என்ன ராட்சசனா? தூது எங்க இருக்குதுன்னு இன்னைக்குக் கண்டுபுடிச்சுட்டானுங்க இல்ல, அதுக்கு. அதுவும் அந்தாளு எதுக்குங்க மூடிகிட்டப் போகணும்? ஸ்டீம் ஓடும்போது தள்ளி நிக்கணும்னு பெட்டி மேலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது.

போன் அடிச்சுச்சு. நம்பரைப் பார்த்தா முதலாளி இல்ல. கோகிலவாணி. அடிக்கட்டும்னு விட்டேன். மறுபடி அடிச்சுச்சு. நிக்கட்டும், கதவுக்கு வெளிய நல்லா நிக்கட்டும்னு விட்டேன். சாயங்காலம் எடுத்தேன்.

"சார், ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்க பெட்டிக்குள்ள வந்திருக்கீங்க சார். பழைய பதிவுல இருக்குது. வந்து என்ன சார் பண்ணுவீங்க?"ன்னா. கெட்டிக்காரி, அதைப் புடிச்சுட்டா பாருங்க.

"நான் வேலையை விட்டுட்டேம்மா. ஷீல்டு வாங்கினவரைக் கேளு"ன்னேன்.

"சார், இங்க ஒருத்தருக்கு..."ன்னு ஆரம்பிச்சா. வெச்சுட்டேன். அப்புறம் அடிச்சதை எடுக்கவே இல்ல. முதலாளி கூப்பிடட்டும். அவர் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். அவர் கூப்பிடலீங்க.

அந்த வாரம் முடியறதுக்குள்ள அவகிட்டருந்து ஒரு மெசேஜ் வருது. 'சார், கண்டுபுடிச்சுட்டேன். கையால தாப்பாவை எடுத்து விட்டிருக்கீங்க. இனிமே தூதே பார்த்துக்கற மாதிரி எழுதிட்டேன். தாப்பா போட்டவன் உசுரோட இருக்கானான்னு மொதல்ல பார்க்கும், இல்லைன்னா அதுவே எடுத்து விட்ரும். உங்க பேர்லயே போட்டிருக்கேன் சார்.'

படிச்சதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. வருஷக்கணக்காப் பொத்திப் பொத்தி வெச்சிருந்ததை, ஒரு டெஸ்டிங் பொண்ணு ஒரே வாரத்துல எழுதிட்டுப் போறா. எழுதிட்டு, இந்தாங்க சார், உங்க பேரையே வெச்சுக்குங்கன்னு பிச்சை போடறா. நான் பதில் போடல. இன்னைக்கு வரைக்கும் போடல.

அதோட போகலீங்க. இஸ்மாயில் ஒரு நாள் போன் பண்ணினான், கடைசியாப் பண்ணினது அதுதான். விசாரணைன்னு முதலாளி எல்லாரையும் உக்கார வெச்சுக் கேட்டாராம், இது எப்படி ஆச்சு, உலகு எழுதினதுல கோளாறான்னு. கோகிலவாணி எந்திரிச்சு, "உலகநாதன் சார் அதுக்கும் எழுதி வெச்சுட்டுத்தான் போனாரு சார், பெட்டியில அதை ஆன் பண்ண நான்தான் மறந்துட்டேன்"னாளாம். ஆன் பண்ண அதுல என்னங்க இருந்துச்சு? ஒரு மண்ணும் இல்ல. அவ எழுதினதை நான் எழுதினதாச் சொல்லி, நான் சொல்லாம வந்ததைத் தான் மறந்ததாச் சொல்லி... முதலாளி அவளைப் பட்டறைப் பக்கமே போகக் கூடாதுன்னு, மாடியில உக்கார வெச்சுட்டாராம், வர்ற போனை எடுக்கறதுக்கு. "முதலாளியைத் தவிர எல்லாருக்கும் உண்மை தெரியுங்கண்ணா, அவ சொன்னதுனால சும்மா இருக்கோம்"னான் இஸ்மாயில். நான் சொன்னேன், "நல்லா வேணும்டா, பொய் சொன்னா அப்படித்தான் ஆகும்." அதுக்கப்புறம் அவன் என் போனை எடுக்கறதில்ல. அவனுக்கு என்ன கோபமோ எனக்குத் தெரியாது. நான் அவனுக்கு ஒரு கெடுதலும் பண்ணல.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். இந்த வருஷம் அவங்க தூதை உலகத்துக்கே இலவசமாத் தொறந்து விட்டுட்டாங்க. யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம், உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கலாம். நான் உடனே போய்ப் பார்த்தேன். மேலயே போட்டிருக்குது, எழுதியவர் மு. உலகநாதன்னு. இன்ஷியலோட. என் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, பொய் சொல்லல. அப்புறம் கீழ இறங்கிப் படிக்கறேன். தாப்பா எடுக்கற அந்தப் பகுதி வருது. அங்கயும் மு. உலகநாதன்.

அது என் எழுத்தில்லீங்க. நான் அப்படி எழுத மாட்டேன். ஒவ்வொரு வரிக்கும் மேல, இது எதுக்குன்னு பொறுமையா விளக்கம் எழுதியிருக்கா, அடுத்து வர்றவனுக்குப் புரியட்டும்னு. நான் ஒரு வரி விளக்கம் எழுதினதில்ல. தெரியாதவன் என்னைக் கேக்கட்டும்னு விட்ருவேன். படிக்கறேன், ஒரு தப்பு கண்டுபுடிக்கணும்னு திரும்பத் திரும்பப் படிக்கறேன். தப்பே இல்ல. செத்தவனை உசுரோட இருக்கான்னு நெனைக்கறதில்ல, உசுரோட இருக்கறவன் தாப்பாவைத் தெரியாம எடுக்கறதும் இல்ல. நல்லா எழுதியிருக்கா. அதுதானுங்க எரியுது. மட்டமா எழுதியிருந்தா மன்னிச்சு விட்டிருப்பேன்.

போன வாரம் முதலாளியே கூப்பிட்டாரு. ஆமாங்க, கடைசியிலே கூப்பிட்டாரு. "உலகு, இந்த ஆயுத பூஜைக்கு வந்துரு. தூதை ஜெர்மனிக்காரன் எடுத்துப் போட்டிருக்கான். உனக்கு ஷீல்டு குடுக்கறோம். தூதுக்கு இந்த வருஷம் பொட்டு உண்டு"ன்னாரு. பின்னாடியே கோகிலவாணி ஒரு போட்டோ அனுப்பியிருக்கா. பித்தளைத் தகடு ஒண்ணு வெட்டி, தூதுன்னு எழுத்து பொறிச்சு, பெட்டி மேல திருகி வெச்சிருக்காங்க. 'பொட்டு வைக்க எடம் செஞ்சுட்டோம் சார்'னு போட்டிருக்கா. என்னா நெஞ்சழுத்தம் பாருங்க.

போகப் போறனாவா? போகாம? அதுக்குத்தான் புதுச் சட்டை. ஆனா அவனுங்க நெனைக்கற மாதிரி ஷீல்டை வாங்கிட்டு இளிச்சுட்டு நிக்கறதுக்கு இல்லீங்க. மைக்கைக் கையில குடுப்பானுங்க இல்ல? அதுதான் எனக்கு வேணும். காலேஜ்ல காலி கிளாஸ் ரூம்ல நின்னு பேசிப் பேசிப் பார்த்துட்டேன். கேளுங்க, எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க.

'பெரியோர்களே. இந்த ஷீல்டு எனக்கு வேண்டாம். தூதுல தாப்பா எடுக்கற பகுதி நான் எழுதினதில்ல. என் பேரைப் போட்டுப் பொய் சொல்லியிருக்காங்க. எழுதினது ஆர். கோகிலவாணி. மாடியில உக்கார வெச்சுப் போன் எடுக்க விட்டிருக்கீங்களே, அந்தப் பொண்ணு. யாரு எதை எழுதினாங்கன்னு தெரியாத கம்பெனி இது. பொட்டை மட்டும் சரியா வெச்சுருவீங்க. ஆர். கோகிலவாணி, எந்திரிச்சு நில்லும்மா, எல்லாரும் பார்க்கட்டும்.'

எப்படி? அப்ப முதலாளி மூஞ்சி எங்க போய் வெச்சுக்குவாரு? தயாபரன் முன் வரிசையில உக்காந்திருப்பான், அவன் எங்க போவான்? அவளுக்குத்தான் இருக்குது பெருசு. ஜெர்மனிக்காரன் வரைக்கும் போன எழுத்து அவளோடதுன்னு ஊரே பார்க்கும். எனக்கா பிச்சை போடறே? உன் பேரை இன்ஷியலோட மைக்குல சொல்லி, உன்னை எந்திரிக்க வெச்சு, எல்லாரையும் திரும்பி உன்னைப் பார்க்க வைக்கறேன். அப்ப உறைக்கும் பாருங்க.

ஏனுங்கண்ணா சிரிக்கறீங்க?

இல்ல, சிரிச்சீங்க. பார்த்தேன்.

என்னன்னு கேட்டீங்க? ஓ, மேடையில அப்படிச் சொன்னா, அப்பத் திங்கட்கிழமை திங்கட்கிழமை நீங்க பண்ணினதை ஏன் சொல்லாம வந்தீங்கன்னு கேக்க மாட்டாங்களான்னா? கேக்கட்டுமே. நல்லாக் கேக்கட்டும். யாருக்கும் தெரியாம அத்தனை வருஷம் அந்தப் பட்டறைங்களைக் காப்பாத்திட்டு இருந்தது நான்தான்னு சொல்லுவேன். நான் கையை எடுத்ததும் என்ன ஆச்சுன்னு நீங்களே பார்த்தீங்க இல்லன்னு கேப்பேன். அதைச் சொல்றதுக்கு எனக்கு என்னங்க வெக்கம்? அதுதானே என் பெருமையே.

பெருந்துறை தாண்டிருச்சு. இன்னும் கொஞ்சம்தான் உங்களுக்கு.

என்னண்ணா, பேச்சையே காணோம்? பொரியும் அப்படியே வெச்சிருக்கீங்க. இவ்வளவு நேரம் நல்லா உம் கொட்டிட்டு வந்தீங்க. பேரு போடறது பெரிய விஷயமில்லைன்னு நெனைக்கறீங்களா? அது பேரு போகாதவனுக்குத்தான் தெரியுமுங்க. உங்க கடைக்கு உங்க பேரை வெச்சிருப்பீங்க இல்ல? ஒரு நாள் அந்தப் போர்டைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்து பாருங்க. ஒரு மனுசன் பேரைச் சொல்லாம விடறது, அவனை ஆளே இல்லைன்னு சொல்றதுங்க. அதை விடப் பெரிய பாவம் ஒலகத்துல கிடையாது. நான் மேடையிலயும் அதைத்தான் சொல்லப் போறேன்.

என்னுங்க? யாரு பேரு?

டேங்க்ல கை வெந்த ஆளு பேரா?

தெரியலீங்களே.

இஸ்மாயில் சொல்லலை. இல்ல, சொல்லியிருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வந்தா, நான்தான் போனை வெச்சுட்டேன். உங்க ஊர்க்காரனா, பீகார்க்காரனா, அதுவும் தெரியாது. கை இப்ப எப்படி இருக்குதுன்னா... நல்லாத்தான் இருக்குமுங்க, ஒரு வருஷம் ஆயிருச்சு. நான் கேக்கலீங்க. எனக்கு அதைக் கேக்கத் தோணலீங்க, மனசுல இருக்கற பாரத்துல.

எந்திரிக்கறீங்க? இன்னும் அவிநாசி வரலீங்களே. டிரைவர்கிட்டச் சொல்லணுமா? பையை நான் எடுத்துத் தரட்டுமா? நீங்களே எடுத்துட்டீங்களா, சரி.

அண்ணா, அந்தப் பக்கமா உக்காரப் போறீங்க? அங்க வெயிலுங்க. மூஞ்சியிலயே அடிக்குமுங்கண்ணா.